எட்டு மணி ஜெபமும் பிடியரிசிப் பானையும்

களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டி, பாறசாலைக்குப் போகும் வழியில் கேரள எல்லைக்குள் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து, 61 வயதுத் தாய் ஒருவர் ஒன்பது பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. 2004-இல் மாரடைப்பில் இறந்தபோது மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8 வயது. அதன்பின் இந்தத் தாய், எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்று சொல்லப்படும் முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் வேலைக்குப் போனார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்து வைத்துவிட்டு, ஏழு மணிக்கு ஆலையில் இருப்பார். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம்: ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிள்ளைகள் இருவரும் ஆளுக்கு ஒரு வசனம். மின்சாரம் இல்லாத இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு நடத்தியதாகவும், காய்ச்சலில் கிடந்த நாளிலும் விட்டதில்லை என்றும் எழுதுகிறார்.

மகள் திருமணமாகி மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறார். மகனுக்கு இப்போது 32 வயது, பெங்களூருவில் வேலை. ஆறு ஆண்டுகளாக அவர் ஆராதனைக்குப் போவதில்லை. கேட்டதற்கு, “அம்மா, அந்த நம்பிக்கை இப்போது என்னிடம் இல்லை, இருக்கிறது என்று உங்கள் முன்னால் நடிக்க எனக்கு மனம் வரவில்லை” என்று சொல்லியிருக்கிறார். இப்போது தம்மோடு வேலை செய்யும், நெய்யாற்றின்கரைப் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்புகிறார். இருவரும் மதம் மாறாமல் பதிவுத் திருமணம் செய்வதாக முடிவு.

செய்தி பரவியதும் கொழுந்தனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “ஏலியின் வீட்டுக்கு வந்தது உன் வீட்டுக்கும் வந்துவிட்டது” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாகச் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர், அந்த வாரமே பொறுப்பை விட்டுவிட்டார். அவர் கேட்பவை நான்கு: தாயாக நான் தோற்றுவிட்டேனா? அந்தப் பெண் ஞானஸ்நானம் எடுத்தால்தான் சம்மதிப்பேன் என்று சொல்லலாமா? வீட்டையும் நிலத்தையும் சபைக்கு எழுதிவைத்தோ, பதிவு அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தோ இதைத் தடுக்க முடியுமா? எதுவும் முடியாவிட்டால், அந்தத் திருமணத்துக்கு நான் போகத்தான் வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் எல்லைக்கு இந்தப் பக்கம், விளவங்கோடு வட்டாரத்தில், சாம்பல் பூசிய கையோடு முந்திரித் தோடு உடைத்த ஒரு பெண்ணின் மகளாகப் பிறந்தவள். அந்தத் தோட்டின் எண்ணெய் பட்டு உள்ளங்கை கறுத்து, தோல் உரிந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அதைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு என் அம்மா நின்றது நினைவிருக்கிறது. ஆகவே குடும்ப ஆலோசகராக நான் சொல்லப்போவதில் அந்த மகளின் குரலும் கலந்திருக்கும். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோற்ற தாய் என்று யார் சொன்னது?

ஏலியின் கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களைக் குத்திய முள் அதுதான். சாமுவேலின் முதல் புத்தகத்தில் ஏலியின் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? அவர்கள் ஆசாரியர்கள், ஜனங்கள் கொண்டுவந்த பலியின் இறைச்சியை வலுக்கட்டாயமாகப் பிடுங்கினார்கள், ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வந்த பெண்களிடம் தவறாக நடந்தார்கள். ஏலி அதைக் கேள்விப்பட்டு வாயால் கண்டித்தும், பிரதான ஆசாரியராக அவர்களை அடக்கவில்லை. அவர் வீட்டின்மேல் தண்டனை வந்ததற்குச் சொல்லப்பட்ட குறை அதுவே. உங்கள் மகன் யாருடைய காணிக்கையையும் பிடுங்கவில்லை, எந்தப் பெண்ணையும் ஏமாற்றவில்லை. ஒரு பெண்ணை வெளிப்படையாக, சட்டப்படி மணந்துகொள்ள விரும்பி, அதை முதலில் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது வேதத்துக்கும் நியாயம் இல்லை, உங்களுக்கும் நியாயம் இல்லை.

அதே புத்தகத்தில் இன்னும் சில பக்கங்கள் தள்ளிப் படியுங்கள். அன்னாள் அழுது ஜெபித்துப் பெற்ற சாமுவேல், வருஷந்தோறும் தாய் தைத்துக் கொண்டுவந்த சின்னச் சட்டையைப் போட்டுக்கொண்டு வளர்ந்த அந்தச் சாமுவேல், கடைசிவரை உண்மையாக வாழ்ந்தார். அவருடைய குமாரரோ எட்டாம் அதிகாரத்தில் பரிதானம் (லஞ்சம்) வாங்குகிறவர்களாக நிற்கிறார்கள். அதற்காகச் சாமுவேலை யாரும் தோற்ற தகப்பன் என்று பிரசங்கிப்பதில்லை. ஒரு தலைமுறையின் உண்மை அடுத்த தலைமுறைக்குத் தானாக இறங்கிவிடும் என்று வேதமே கணக்குப் போடவில்லை. “பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து” என்ற நீதிமொழியை நீங்கள் கடிதத்தில் இரண்டு முறை எழுதி, “அந்த வாக்குத்தத்தம் எனக்கு மட்டும் பொய்யாகிவிட்டது” என்று முடித்திருக்கிறீர்கள். அது அனுபவசாலி ஒருவர் உலகம் பொதுவாக எப்படி நடக்கிறது என்று சொன்ன நீதிமொழி. அதைப் பத்திரம்போல வாசித்து, கையெழுத்துப் போட்டவர் ஏமாற்றிவிட்டார் என்று அழுவதால் உங்கள் துக்கம் இரட்டிப்பாகிறதே தவிரக் குறையவில்லை. மேலும் அந்த வசனமே “முதிர்வயதிலும்” என்றுதான் பேசுகிறது. உங்கள் மகனுக்கு வயது 32.

மோனிக்கா அம்மாளின் கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் விடப்பட்ட பகுதிகள்தான் உங்களுக்கு இப்போது தேவை. வட ஆப்பிரிக்காவின் தாகஸ்தேயைச் சேர்ந்த அந்தத் தாயின் கணவர் பத்திரிசியு பெரும்பாலும் தம் வாழ்நாள் முழுவதும் கிறிஸ்தவரல்லர். இறப்பதற்குச் சற்று முன்புதான் ஞானஸ்நானம் பெற்றார். 354-இல் பிறந்து, பிற்பாடு திருச்சபையின் பெரிய ஆசிரியரான மகன் அகஸ்டின் வாலிபத்தில் வேறு மார்க்கத்தைப் பிடித்துக்கொண்டபோது, மோனிக்கா அவரைத் தம் வீட்டில் தங்கவிடவில்லை. பிறகு ஒரு கனவு கண்டு மனம் மாறி மறுபடியும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். ஒரு பேராயரிடம் போய், என் மகனோடு வாதிட்டுத் திருத்துங்கள் என்று கெஞ்சினார். அந்தப் பேராயர் மறுத்துவிட்டார். அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, அவனை விட்டுவிடுங்கள், ஜெபம் மட்டும் செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார். அன்றைய நிலையில் அதைவிடச் சரியான ஆலோசனை இருந்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். 387-இல் அகஸ்டின் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா ஓஸ்தியாவில், தம் 56-ஆம் வயதில் இறந்தார்.

இடையில் நடந்த இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அகஸ்டின் பல ஆண்டுகள் ஒரு பெண்ணோடு வாழ்ந்தார்; அவர்களுக்கு ஒரு மகனும் இருந்தான். நல்ல இடத்தில் திருமணம் செய்துவைக்க வேண்டும் என்ற முயற்சியில் மோனிக்கா முன்நின்றபோது, அந்தப் பெண் பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாக ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். தம் இருதயம் கிழிந்து இரத்தம் வடிந்தது என்று அகஸ்டினே பிற்பாடு எழுதினார். முயன்ற அந்தத் திருமணமும் நடக்கவில்லை. சிறந்த தாய் என்று திருச்சபை கொண்டாடும் ஒருவரும், நன்மை செய்வதாக நினைத்து இன்னொரு தாயின் மடியைக் காலியாக்க நேர்ந்திருக்கிறது. உங்களை இந்த இடத்தில் நான் எச்சரிக்க விரும்புவது அதனால்தான்: நெய்யாற்றின்கரையிலும் ஒரு தாய் இந்த வாரம் தூங்காமல் இருப்பார்.

நீங்கள் குற்றமாக எழுதிய ஒரு பத்தி

உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் மகன் வந்தபோது, பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். பிள்ளைகள் இல்லாத அவருக்குத் துணை இருக்க ஆள் இல்லை. உங்கள் மகன் பதினொரு இரவுகள் அவர் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தார். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக்கூட வரவில்லை. “என்னோடு கோயிலில் நிற்க அவனுக்கு நேரமில்லை, ஊரார் கிழவனுக்கு மூத்திரப் பாத்திரம் எடுக்க நேரமிருந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா, அந்த வரியை மறுபடியும் படித்துப் பாருங்கள். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாலாம் பக்கத்தில் நீங்களே சொல்கிறீர்கள்: கணவர் இறந்த அடுத்த ஆண்டிலும் பிடியரிசிப் பானையை நிறுத்தவில்லை என்று. அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது, மாதக் கடைசியில் அதைச் சபைக்குக் கொண்டுபோவது. அது எங்கள் அம்மாக்கள் எல்லாரும் செய்ததுதான், ஆகவே உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. உலையில் போட அரிசி போதாத நாளில் அந்தப் பிடியைப் பானையில் போடலாமா வேண்டாமா என்று நீங்கள் ஒரு நொடி தயங்கி நின்றதையும், பிறகு போட்டதையும், அடுக்களை வாசலில் நின்ற ஒரு பதினொரு வயதுப் பையன் பார்த்திருக்கிறான். தனக்குப் போதாதபோதும் இன்னொருவருக்கு எடுத்து வைப்பது என்பதை அவன் மனப்பாடம் செய்த எந்த வசனத்தையும்விட ஆழமாக அங்கேதான் படித்திருக்கிறான். அந்தப் பதினொரு இரவுகள் அந்தப் பானையிலிருந்து வந்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனாலும் உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக உண்மையைச் சுருக்கமாட்டேன். “அவன் உள்ளுக்குள் இன்னும் விசுவாசிதான், வெளியே சொல்லவில்லை” என்று உங்கள் மகள் தேற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லை என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை அப்படியே ஏற்பதுதான் அவருக்கு நீங்கள் தரும் மரியாதை. உங்கள் தாக்கம் அவருடைய நடத்தையில் இருக்கிறது. உங்கள் விசுவாசம் அவரிடம் இப்போது இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. நடிக்க மனம் வரவில்லை என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள். எல்லையைத் தாண்டியதும் ஒரு முகம், வீட்டுக்கு வந்ததும் ஒரு முகம் என்று பத்தாண்டுகள் நடிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். தங்கள் பெற்றோர் உண்மையைத் தாங்கமாட்டார்கள் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் மகன் உங்களைப் பற்றி அப்படி முடிவு செய்யவில்லை.

இன்னொன்று. அவர் தினமும் இரவு எட்டு மணிக்கு உங்களைக் கைபேசியில் அழைப்பதாகவும், “அது அவனுக்கு வேலை முடியும் நேரம்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். அவரிடம் கேட்டதுண்டா?

ஞானஸ்நானத்தை நிபந்தனையாக்க வேண்டாம்

இதில் நான் உறுதியாகச் சொல்கிறேன். அந்தப் பெண் தானே விரும்பிக் கேட்டால் அது வேறு. போதகர் அவரோடு பேசி, கற்பித்து, காத்திருந்து முடிவு செய்வார். திருமணத்துக்கு நுழைவுச் சீட்டாக ஞானஸ்நானத்தைக் கேட்டால், நீங்கள் வாழ்நாள் முழுவதும் பரிசுத்தமாக வைத்திருந்த ஒன்றை நீங்களே பேரம் பேசும் பொருளாக்குகிறீர்கள். அப்படி நனைக்கப்பட்ட தலையோடு உங்கள் வீட்டுக்குள் வரும் பெண், உங்கள் ஆண்டவரை உங்கள் பிடிவாதத்தின் வடிவத்தில்தான் சந்தித்திருப்பார். இல்லாத விசுவாசத்தை இருப்பதாக நடிக்க மறுத்த மகனின் தாய், மருமகளிடம் அதே நடிப்பைக் கேட்கலாகாது.

இந்தத் திருமணம் உங்களுக்குச் சம்மதமில்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்நிய நுகத்தைப் பற்றி, அதாவது விசுவாசியாதவரோடு பிணைக்கப்படுவதைப் பற்றி, அப்போஸ்தலர் பவுல் எழுதியதை நீங்கள் நம்புகிறீர்கள். நம்புவதை மாற்றிக்கொள்ளச் சொல்ல நான் யார்? அதை மகனிடம் ஒரு முறை, அழாமல், முழுமையாகச் சொல்லுங்கள். ஒரு முறை போதும்.

நிலத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும்

இங்கே உங்கள் எண்ணத்தில் சில தவறுகள் இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வீடு இருக்கும் 18 சென்ட் முழுவதும் உங்களுடையது அன்று. அது கணவர் பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் 2004-இல் இறந்தார். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு இறந்தால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது உங்களுக்கு ஆறு சென்ட் அளவு, மகனுக்கு ஆறு, மகளுக்கு ஆறு. மகனுடைய பங்கு தகப்பன் இறந்த அன்றே அவருடையதாகிவிட்டது; அவர் யாரை மணந்தாலும், கோயிலுக்குப் போகாவிட்டாலும், அதை நீங்கள் சபைக்கோ வேறு யாருக்குமோ எழுதிக்கொடுக்க முடியாது. மகளுக்கு நகை போட்டு அனுப்பிவிட்டதால் அவருக்குப் பங்கில்லை என்று கொழுந்தனார் சொல்வதும் தவறு.

இரண்டாவது, 2013-இல் சிட்டி (சீட்டு) பிடித்து உங்கள் பெயரில் வாங்கிய 10 சென்ட். இது முழுவதும் உங்களுடையது. யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். சமய நோக்கத்துக்கு உயில் எழுதுவதில் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இருந்த கட்டுப்பாட்டையும் 2003-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்துவிட்டது. ஆனால் தானப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தால் நிலம் உடனே கைமாறும். மனம் மாறினால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். கோபமாக இருக்கும் மாதத்தில் இரண்டையும் செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். சபைக்குக் கொடுக்க உங்களுக்கு மனமிருந்தால் மனதாரக் கொடுங்கள். மகனை அடிக்கும் கோலாகச் சபையைப் பயன்படுத்த வேண்டாம்.

மூன்றாவது, எதிர்ப்பு மனு. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அவர்கள் அறிவிப்புக் கொடுத்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபத்துக்கான காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது: ஏற்கெனவே வாழ்க்கைத் துணை உயிரோடிருப்பது, சம்மதம் தர இயலாத மனநிலை, ஆணுக்கு 21-ம் பெண்ணுக்கு 18-ம் நிரம்பாதது, தடைசெய்யப்பட்ட நெருங்கிய உறவு. தாய்க்கு விருப்பமில்லை என்பது அதில் இல்லை. நியாயமற்ற ஆட்சேபம் என்று திருமண அலுவலர் கண்டால், ஆயிரம் ரூபாய்வரை இழப்பீடு செலுத்தும்படி மனுதாரருக்கு உத்தரவிடலாம். பணம் பெரிதன்று, திருமண அறிவிப்புப் புத்தகத்தில் தம் தாயின் கையெழுத்தைப் பார்க்கும் மகனின் மனநிலையைத்தான் யோசிக்கிறேன்.

நான்காவது, “இனி அவன் உன்னைப் பார்க்கமாட்டான்” என்று பயமுறுத்துகிறார்கள் அல்லவா? 60 வயது கடந்த பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகள்மேல் வைத்திருக்கிறது. திருமணத்தால் அது மாறாது. தினமும் அழைக்கும் மகன் விஷயத்தில் உங்களுக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் மனதில் பட்ட ஒன்றைச் சொல்லவேண்டும். திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தவரை, உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். விதவைக்கு வாழ்நாள் அனுபவ உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகுதான் கேரளக் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சமபங்கு உறுதியானது. அப்படியானால் உங்கள் பாட்டியிடமும் என் பாட்டியிடமும் பிள்ளைகளை மிரட்ட ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. பிரசங்க பீடம் இல்லை, சபைக் கமிட்டியில் இடமில்லை. 1806-இல் மிஷனரி ரிங்கல்தவ்பே மயிலாடிக்கு வந்ததிலிருந்து இந்த மண்ணில் விசுவாசம் தலைமுறை தலைமுறையாக நின்றதற்குப் பிரசங்கிகளைப் போலவே இந்தப் பெண்களும் காரணம். அவர்களிடம் இருந்தது ஒரு விளக்கு, ஒரு பாட்டு, ஒரு பானை. 1956-இல் எல்லைக் கல் நட்டு உங்கள் ஊர் கேரளத்துக்கும் என் ஊர் சென்னை மாநிலத்துக்கும் போன பிறகும், பள்ளியில் பிள்ளைகள் மலையாளம் படித்தபோதும், உங்கள் வீட்டில் ஜெபம் தமிழிலேயே நடந்திருக்கிறது. எந்தச் சட்டமும் அதைக் காப்பாற்றித் தரவில்லை. இப்போது கையில் பத்திரம் வந்திருக்கிறது என்பதற்காக, அதைவிட வலிமையாக இருந்த ஒன்றைக் கீழே வைத்துவிட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள்.

திருமணத்துக்குப் போவதா?

போங்கள் என்பது என் கருத்து. போகாமலிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மனசாட்சி இடம் தராத இடத்தில் உடலை மட்டும் கொண்டுபோய் நிறுத்தினால், முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இரண்டு வழிகளின் விலையையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். போனால் சபையில் சிலர் பேசுவார்கள்; பேச்சு ஓராண்டில் அடங்கும். திருவிருந்து, சபைப் பொறுப்புகள் ஆகியவற்றில் உங்கள் மகனுக்கு என்ன நிலை என்பதைப் போதகரிடம் நேரில் கேளுங்கள். ஆனால் மகனுடைய முடிவுக்காக நீங்கள் செயலாளர் பொறுப்பை விட்டது தேவையற்றது, திரும்ப ஏற்றுக்கொள்ளுங்கள். போகாவிட்டால் என்ன ஆகும்? என்னிடம் வந்த ஒரு தாய், மகளின் பதிவுத் திருமணத்தைப் புறக்கணித்து ஏழு ஆண்டுகள் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் பேருந்து நிலையத்தில் மகளைத் தற்செயலாகக் கண்டார். கூட இருந்த ஐந்து வயதுக் குழந்தை, “இந்தம்மா யாரு?” என்று கேட்டதாம். என் அறையில் அதைச் சொல்லிவிட்டு அவரால் மேலே பேச முடியவில்லை.

தாயின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பவுலின் உடனூழியர் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் சொல்வார்கள். அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் சொல்கிறது: தாய் விசுவாசமுள்ள யூதப் பெண், தகப்பன் கிரேக்கர். மகனுக்கு யூத முறைப்படி விருத்தசேதனம்கூட நடந்திருக்கவில்லை. கலப்புத் திருமணத்தில் பிறந்த அந்தப் பிள்ளை சிறுவயது முதல் வேத எழுத்துகளை அறிந்திருந்தான் என்றால், அந்த வீட்டுக்குள் பாட்டி வந்துபோக வழி இருந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். அந்த வழியை நீங்கள் அடைக்கவேண்டாம். நாளை உங்கள் பேரப்பிள்ளை உங்களோடு மலையாளத்தில் பேசலாம், வீட்டில் குத்துவிளக்கும் இருக்கலாம். அவர்களுடைய வீட்டில் அவர்கள் அனுமதியில்லாமல் நீங்கள் எதையும் கற்பிக்கக்கூடாது. ஆனால் உங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வரும் குழந்தை, எட்டு மணிக்குப் பாட்டி விளக்கின்கீழ் உட்கார்ந்து பாடுவதைப் பார்க்கும். அரிசியில் ஒரு பிடியை ஏன் எடுத்து வைக்கிறீர்கள் என்று கேட்கும்.

நான் சொல்வது இவ்வளவுதான். இந்த வாரம் பத்திரம் எழுதுபவரிடம் போக வேண்டாம். கொழுந்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டாம். மகனிடம் அந்தப் பெண்ணை ஒருநாள் வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லுங்கள். ஜெபத்துக்காக அல்ல, மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட. இன்றிரவு எட்டு மணிக்கு அவர் அழைக்கும்போது, திருமணத்தைப் பற்றி எதுவும் பேசுமுன், அந்தப் பதினொரு இரவுகளும் மருத்துவமனையில் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். நீங்கள் இதுவரை அதைக் கேட்கவில்லை.